வீட்டிலே பிறக்கும் கடற்கொள்ளைக்காரன்

பழைய சாரம் ஒன்று, தலையணை உறை ஒன்று, படித்து முடித்த பத்திரிகைத் தாள்கள் சில, ஒரு சிரட்டை. இவை இருந்தால் ஒரு கடற்கொள்ளைக்காரனை வீட்டுத் திண்ணையிலேயே உருவாக்கிவிடலாம். காசு கொடுத்து வாங்கவேண்டியவை ஊசியும் நூலுமே. அவையும் பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே இருப்பவை.

இதை ஏன் சொல்கிறோம் என்பது மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் தாய்மாருக்கு விளங்கும். மாரிமழை ஓய்ந்து, பாடசாலைகள் முதலாந் தவணையைத் தொடங்கியதும் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்துவிடுகிறது. ஓட்டமும் பாய்ச்சலும் அஞ்சலும் முடிந்தபின் சனங்கள் ஆவலோடு காத்திருப்பது விநோத உடைப் போட்டிக்கே. முன்பள்ளிச் சிறார்களின் விளையாட்டு விழாவிலும் இதற்குத் தனி இடம் உண்டு. அந்த நாள் நெருங்க நெருங்கப் பிள்ளைக்கு மகிழ்ச்சி பெருகும். பெற்றோருக்குக் கவலை பெருகும். நகரத்துக் கடையில் வாடகைக்கு உடை எடுக்கலாம். ஆயின், வாடகையோடு முற்பணமும் கட்டவேண்டும். உடையில் கிழிசலோ கறையோ ஏற்பட்டால் அதற்கும் பொறுப்புக் கூறவேண்டும். அன்றாடம் வலை வீசி உண்பவரின் பிள்ளையும் வயலில் கூலிவேலை செய்பவரின் பிள்ளையும் இந்தக் காரணத்தினாலேயே, “எனக்கு அதில் விருப்பம் இல்லை” என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வதுண்டு. விருப்பம் இல்லாமையன்று அது. வீட்டு நிலைமையை அறிந்த பிள்ளையின் பெருந்தன்மை. அந்தப் பிள்ளையையும் மைதானத்துக்கு அழைத்து வருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேடம் பூணும் ஆசை

வேடம் பூண்டு வேறொருவராகத் தோன்றவேண்டும் என்னும் ஆசை எல்லாத் தேசத்தாருக்கும் பொதுவானது. அயர்லாந்திலும் ஸ்கொத்லாந்திலும் அறுவடைக் காலம் முடிந்து குளிர்காலம் தொடங்கும் இரவில், மாறுவேடம் பூண்டு வீடு வீடாகச் செல்லும் வழக்கம் இருந்தது. அந்நாடுகளிலிருந்து அமெரிக்காவிற் குடியேறியவர்கள் 19 ஆம் நூற்றாண்டிலே அதனைத் தம்முடன் கொண்டு சென்றனர். அக்டோபர் 31 ஆம் திகதி இரவில் நிகழும் ஹலோவீன் கொண்டாட்டம் அதுவே. நவம்பர் 1 ஆம் திகதி சகல புனிதர்களின் திருநாள். அதற்கு முந்திய இரவு என்பதே அப்பெயரின் பொருள். நம் பகுதிக் கத்தோலிக்க மக்கள் அந்நாளையும், நவம்பர் 2 ஆம் திகதி இறந்தோர் நினைவு நாளையும் வழிபாட்டோடு அனுட்டிப்பர். வேடம் பூணும் வழக்கம் இங்கே அதனோடு சேரவில்லை. அமெரிக்காவிலும் தொடக்கத்தில் இவ்வுடைகளை வீடுகளிலேயே தைத்தனர். 1930 களிலேதான் தொழிற்சாலைகள் அவற்றை ஆயிரக்கணக்கிற் செய்து விற்கத் தொடங்கின. அங்கே பிள்ளைகள் இன்றும் விரும்பி அணியும் வேடங்களில் கடற்கொள்ளைக்காரன் வேடமும் ஒன்று.

நமக்கு வேடம் என்றால் நினைவுக்கு வருவது கூத்து. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துகள் ஆடப்பட்டு வருகின்றன. அண்ணாவியார் சட்டங் கொடுத்த நாள்முதல், சதங்கை அணிதல், கிழமைக்கூத்து, அடுக்குப் பார்த்தல் என்று மாதக்கணக்காக நீளும் பயிற்சியின் பின்னரே அரங்கேற்றம் நிகழும். வடமோடி அரசர் அணியும் கரப்புடுப்பை எண்ணிப் பாருங்கள். இடுப்பின் கீழே வளையங்களால் விரிந்து நிற்கும் அந்த உடை, நாம் நாளும் காணும் கரப்பின் வடிவத்தை நினைவூட்டுவது. ஊரார் தம் கையிலிருந்த தொழிற்கருவியின் உருவத்திலேயே அரசனின் ஆடையைக் கண்டனர். கண்ணாடித் துண்டும் மணியும் மினுக்கக் கடதாசியும் பதித்த முடியும் அவ்வாறே. பகலில் பார்த்தால் மரமும் மட்டையும், இரவின் விளக்கொளியில் பொன்னும் மணியும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960 களில் இக்கூத்துகளைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மூலம் நவீன மேடைக்குக் கொண்டு சென்றார். 1962 இல் மேடையேறிய ‘கர்ணன் போர்’ அவ்வரிசையில் வந்தது. நகரத்து இரசிகர்கள் வியந்து நோக்கிய அந்தக் கலை, ஊரவர் தம் கையாலே வளர்த்தெடுத்தது. ஆகவே, கைப்பொருளைக் கொண்டு வேடம் புனைவது நமக்குப் புதிதன்று. கூத்துக்குச் செய்ததைப் பிள்ளைக்கும் செய்யலாம்.

யார் இந்தக் கடற்கொள்ளைக்காரன்?

ஒற்றைக்கண் மறைப்பு, கைக்குப் பதிலாகக் கொக்கி, மரக்கால், தோளில் ஒரு கிளி. இத்தோற்றம் பெரும்பாலும் கதையாசிரியரும் ஓவியரும் படைத்தது. றொபேட் லூயி ஸ்டீவன்சன் 1883 இல் நூலாக வெளியிட்ட ‘புதையல் தீவு’ என்னும் கதையிலே ஒற்றைக்காலும் கிளியும் வந்தன. கொக்கிக் கை, 1904 இல் இலண்டனில் மேடையேறிய ‘பீற்றர் பான்’ நாடகத்தில் வரும் கப்பற்றலைவனுடையது. தலையிற் கட்டிய துணியையும் இடையிற் சுற்றிய கச்சையையும் பரவச் செய்தவர் ஹோவர்ட் பைல் (1853–1911) என்னும் அமெரிக்க ஓவியர். மெய்யான கொள்ளையர் பெரும்பாலும் ஏனைய மாலுமிகளைப் போன்றே குறுஞ்சட்டையும் அகன்ற காற்சட்டையும் அணிந்தனர்.

அவர்களுள் ஒருவனின் பெயர் நமக்குச் சுவையானது. 1720 இல் யமேக்காவிலே தூக்கிலிடப்பட்ட ஜோன் றக்கம் என்பவனைக் ‘கலிக்கோ ஜாக்’ என்று அழைத்தனர். அவன் விரும்பி அணிந்த கலிக்கோத் துணியே அப்பெயருக்குக் காரணம். கலிக்கோ என்னும் சொல்லோ நம் அயலிலுள்ள கள்ளிக்கோட்டையின் பெயரிலிருந்து பிறந்தது. தென்னிந்தியத் துறைமுகத்தின் பெயரைத் தாங்கிய பருத்தித் துணி, மேற்கிந்தியத் தீவுகளில் ஒரு கொள்ளைக்காரனுக்குப் பட்டப்பெயர் ஆயிற்று! அவனுடைய கப்பலில் ஆன் பொனி, மேரி றீட் என்னும் இரண்டு பெண்கள் ஆணுடை தரித்துப் போர் புரிந்தனர் என்பதும் வழக்கு விசாரணையில் வெளிவந்தது. நம் கூத்திலே ஆண்கள் பெண் வேடம் பூண்டது போல, அங்கே பெண்கள் ஆண் வேடம் பூண்டனர். எனவே இந்த உடையை மகனுக்கு மட்டுமன்றி மகளுக்கும் தைக்கலாம்.

கொள்ளையர் நம் சமுத்திரத்துக்கும் வந்துள்ளனர். 1695 இல் ஹென்றி எவரி என்பவன், மக்காவுக்குச் சென்ற யாத்திரிகரை ஏற்றித் திரும்பிய மொகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் பெருங்கப்பலைச் சூறையாடினான். வில்லியம் கிட் என்பவனோ, கொள்ளையரைப் பிடிக்குமாறு இங்கிலாந்து மன்னர் வழங்கிய பத்திரத்தோடு புறப்பட்டு, இந்து சமுத்திரத்தில் தானே கப்பல்களைப் பிடித்து, 1701 இல் இலண்டனில் தூக்குமரம் ஏறினான்.

கொள்ளையன் யார், தளபதி யார் என்பது பார்ப்பவரைப் பொறுத்தது என்பதற்கு மட்டக்களப்பே சான்று. 1602 இல் ஒல்லாந்த நாட்டு யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் இங்கே கரையிறங்கிக் கண்டி மன்னன் விமலதர்மசூரியனைக் காணச் சென்றார். அவருக்குப் பின் வந்த செபால்ட் டி வேர்ட் போர்த்துக்கேயக் கப்பல்களைக் கைப்பற்றினார். பறிகொடுத்தவருக்கு அவர் கொள்ளையர். ஒல்லாந்தருக்கு அவர் தளபதி. பிடிபட்டவர்களை அவர் விடுவித்தமை மன்னனுக்குச் சினமூட்ட, 1603 இல் மட்டக்களப்புப் பகுதியிலேயே அவர் கொல்லப்பட்டார். போர்த்துக்கேயர் 1628 இல் புளியந்தீவிற் கட்டிய கோட்டை 1638 இல் ஒல்லாந்தர் வசமாயிற்று. அக்கோட்டை இன்றும் வாவிக்கரையில் நிற்கிறது. அக்காலத்துக் கடலோடிகளின் வழித்தோன்றல்களான பறங்கியர் நம்மிடையே தையலும் தச்சும் சப்பாத்துத் தொழிலும் செய்து, தம் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியையும் பேணி வாழ்ந்து வந்துள்ளனர். பிள்ளைக்கு உடை தைக்கும்போது இவற்றையெல்லாம் கதையாகச் சொல்லலாம்.

சாரமும் தலையணை உறையும்

ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு உரிய அளவுகளை இங்கே தருகிறோம். ஏனையோருக்குக் கூட்டியோ குறைத்தோ கொள்க.

பழைய சாரத்தின் மூட்டை முதலிற் பிரியுங்கள். ஏறக்குறைய இரண்டு யார் நீளமான துணி கிடைக்கும். நீளவாட்டில் 9 அங்குல அகலப் பட்டி ஒன்றை வெட்டினால் அது இடைக்கச்சை. எஞ்சியதில் 24 அங்குலச் சதுரம் ஒன்றை எடுத்து முக்கோணமாக மடித்தால் தலைத்துணி. கட்டம் போட்ட சாரமாயினும் கோடு போட்ட சாரமாயினும் நன்று. கச்சையை இடுப்பின் ஒருபுறம் முடிந்து, தொங்கும் முனைகள் முழங்காலுக்கு மேலே நிற்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். அதனிலும் நீண்டால் ஓடும்போது காலில் அகப்படும்.

மேலங்கிக்குத் தலையணை உறை. மூடிய பக்கம் மேலே இருக்கட்டும். அதன் நடுவில் 6 அங்குலம் வெட்டிக் கழுத்துக்கு வழி விடுங்கள். இரு பக்கங்களிலும் மேலிருந்து ஓர் அங்குலம் விட்டு, அதன் கீழ் 6 அங்குலம் பிரித்தால் கைகளுக்கு வழி. முன்புறத்தை மட்டும் கழுத்திலிருந்து கீழ்வரை நேராக வெட்டுங்கள். தோளில் துணி மிகுதியாக நின்றால் இருபுறமும் ஒரு மடிப்பு வைத்துத் தைத்துவிடலாம். வெள்ளை உறையாயின், தேயிலைச் சக்கையை ஒரு பிடி உப்போடு கொதிக்கவைத்த நீரில் அரைமணி நேரம் ஊறவிடுங்கள். கடற்காற்றும் வெயிலும் பட்டுப் பழுத்தது போன்ற நிறம் வரும்.

உள்ளே தகப்பனாரின் பழைய வெள்ளைச் சட்டை. கையை மணிக்கட்டில் ஒரு நாடாவாற் கட்டினால் புடைத்து நிற்கும். சட்டையை வெட்டவேண்டா, போட்டி முடிந்தபின் அது மீண்டும் தகப்பனாருக்கே உதவும். குட்டையாகிப்போன காற்சட்டை ஒன்றின் கால்களை முழங்காலின் கீழே பற்பற்களாக வெட்டி, எஞ்சிய சாரத் துண்டில் இரண்டு ஒட்டுப்போட்டால் உடுப்பு முடிந்தது.

தொப்பியும் கொக்கியும்

இவற்றிலே பிள்ளைக்கு அதிக வேலை உண்டு. பெரியவர் செய்து கொடுத்துவிடாமல் பிள்ளையின் கையிலேயே விடுங்கள்.

ஒரு நூலாற் பிள்ளையின் தலையைச் சுற்றி அளந்து, அதனினும் சற்றே பெரிய சட்டி ஒன்றைத் தேடி எடுங்கள். கவிழ்த்து, அடியில் தேங்காயெண்ணெய் தடவுங்கள். ஒரு கோப்பைக் கோதுமை மாவை நீரிற் கரைத்துக் காய்ச்சிப் பசை செய்துகொள்ளுங்கள். பத்திரிகைத் தாளை இருவிரல் அகலக் கீற்றுகளாகக் கிழித்துப் பசையில் தோய்த்து ஐந்து அடுக்கு ஒட்டவேண்டும். ஓர் அடுக்கு அரைவாசி காய்ந்த பின்னரே அடுத்தது. முழுதும் காய இரண்டு நாள் வெயில் தேவை. தை, மாசி மாதங்களில் மழை விட்ட இடைவெளி பார்த்துச் செய்யுங்கள். புத்தகம் கட்டுவோர் பூச்சி அரிக்காதிருக்கப் பசையில் துரிசு சேர்ப்பதுண்டு. அது நஞ்சு, பிள்ளையின் தலையிற் படும் பொருளுக்கு ஆகாது.

காய்ந்ததைச் சட்டியிலிருந்து கழற்றி, பிஸ்கற் பெட்டியின் மட்டையில் 4 அங்குல அகல விளிம்பு வெட்டி ஒட்டி, மூன்று பக்கமும் மேலே மடித்து நூலாற் பிடித்துவிடுங்கள். அடுப்புக்கரியை நன்றாக அரைத்து மீதிப் பசையிற் குழைத்துப் பூசினால் கறுப்புத் தொப்பி. வெள்ளைக் கடதாசியில் மண்டையோடு ஒன்றை வெட்டி நெற்றியில் ஒட்டுங்கள். இத்தொப்பி மழையைத் தாங்காது என்பதை மட்டும் மறக்கவேண்டா.

கொக்கிக் கைக்குச் சிரட்டையைப் போல வசதியான பொருள் உலகில் வேறில்லை. கண் உள்ள பாதியை எடுத்து விளிம்பை அரத்தாற் தேய்த்து மழுக்குங்கள். கண்ணின் துளையைப் பெரிதாக்கி, இறுகச் சுருட்டி வளைத்துப் பசை பூசிக் காயவைத்த கடதாசிக் கொக்கியை அதன்வழி நுழையுங்கள். பால்மாப் பையின் உட்புற வெள்ளித் தாளைச் சுற்றினால் உலோகம் போல் மின்னும். பிள்ளை சிரட்டைக்குள்ளே கையை மடக்கிக் கொக்கியின் அடியைப் பிடித்துக்கொண்டால், கை இருந்த இடத்தில் கொக்கி நிற்கும். வாளையும் மட்டையை மும்மடங்கு ஒட்டி முனை மழுக்கிச் செய்யுங்கள். கம்பியும் தகரமும் வேண்டா. தாடிக்குத் தும்பு. துணிப் பட்டியில் தும்பைத் தைத்து, இருபுறமும் காதில் மாட்ட நூல் வளையம் வையுங்கள். முகத்திற் பசை தடவி ஒட்டவேண்டா.

கவனிக்கவேண்டியவை

வேடத்துக்கு முகம் எழுதுவதை ‘அரிதாரம் பூசுதல்’ என்கிறோம். அரிதாரம் என்பது ஆசனிக் கலந்த கனிமம். சாதிலிங்கத்திலே இரசம் உண்டு. அக்காலக் கலைஞர் இவற்றைப் பூசினர் என்பதற்காக நாம் பிள்ளையின் மென்மையான தோலிற் பூசலாகாது. மீசைக்கும் கன்னத்து வடுவுக்கும் அடுப்புக்கரியைத் தேங்காயெண்ணெயிற் குழைத்துத் தீட்டினால் போதும். அதையும் முதல்நாள் முழங்கையின் உட்புறத்திற் சிறிது தடவிப் பார்த்து, கடியோ தடிப்போ இல்லையெனின் பூசுங்கள்.

கண்மறைப்பை மேடையில் நிற்கும் நேரத்துக்கு மட்டும் இறக்கிவிடுங்கள். ஒரு கண்ணை மூடியவருக்குத் தூரமும் பள்ளமும் சரிவரப் புலப்படா. நடக்கும்போதும் படியேறும்போதும் அது நெற்றியிலேயே இருக்கட்டும்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து நெருப்பு. தும்பும் கடதாசியும் தொங்கும் துணியும் பொறி பட்டால் உடனே பற்றுபவை. நைலோன் போன்ற செயற்கைத் துணிகளோ உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். 2014 இல் இங்கிலாந்தில் கடையில் வாங்கிய ஹலோவீன் உடையிலே மெழுகுவர்த்திச் சுடர் பட்டு ஒரு சிறுமி கடுந் தீக்காயமுற்றாள். அதன்பின் அந்நாட்டில் இவ்வுடைகளின் பாதுகாப்பு விதிகள் கடுமையாகப் பரிசீலிக்கப்பட்டன. வீட்டில் தைத்த உடையாயினும் ஆபத்து ஒன்றே. இவ்வேடத்தோடு குத்துவிளக்கின் அருகிலும் அடுப்பின் அருகிலும் பிள்ளை செல்லாதிருக்கட்டும்.

வரவும் வாக்கும்

உடுத்திவிட்டால் மட்டும் வேடம் ஆகாது. கூத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ‘வரவு’ உண்டு. அரசனுக்கு ஒரு நடை, தூதனுக்கு ஒரு நடை. தான் யார் என்பதை ஆடியும் பாடியும் அறிவித்த பின்னரே கதை தொடங்கும். விநோத உடைப் போட்டியிலே பிள்ளை விறைத்து நிற்பதற்குக் காரணம், அதற்கு வரவு கற்பிக்கப்படாமையே. ஆடும் கப்பலின் தட்டில் நடப்பது போலக் காலை அகட்டி வைத்து நான்கு அடி நடக்கட்டும். கையை நெற்றியில் வைத்துத் தொலைவைப் பார்க்கட்டும். பின்னர் இரண்டு வாக்கியங்கள் பேசட்டும். அவற்றை நீங்கள் எழுதிக் கொடுக்காமல் பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள். வீட்டில் அம்மம்மாவோ அப்பப்பாவோ கூத்தைப் பார்த்தவராயின், அவரை முன்னே இருத்தி மூன்று மாலைகள் ஆடிக் காட்டட்டும். அவர் சொல்லும் திருத்தத்தை எந்தக் கடையும் வாடகைக்குத் தராது.

கொள்ளைக்காரனை உடுத்தலாமா?

“திருடன் வேடத்தையா பிள்ளைக்குப் போடுவது? ஒரு பாரதியாரையோ விபுலாநந்த அடிகளையோ போடலாகாதா?” என்று கேட்கும் பெரியோர் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆயின், துரியோதனனை ஆட ஒருவர் இல்லையெனில் பாரதக் கூத்து இல்லை. இராவணனுக்கு ஒருவர் இல்லையெனில் இராமாயணக் கூத்து இல்லை. துரியோதனனாக விடியவிடிய ஆடியவரை ஊரார் பொல்லாதவர் என்று ஒதுக்கியதில்லை. விடிந்ததும் முடியைக் கழற்றிவிட்டு அவர் வயலுக்குச் சென்றார், தோணி வலித்தார். தீமையின் தோற்றத்தை ஓரிரவு அணிந்து காட்டி, அது அழிவதையும் காட்டிவிட்டுக் கழற்றி வைத்தார்.

பிள்ளை தைக்கும்போதே கேட்கும்: “அம்மா, இவன் நல்லவனா, கெட்டவனா?” அப்போது உள்ளதைச் சொல்லுங்கள். “பிறர் உழைத்த பொருளைப் பறித்தவன், மகன். அதனால்தான் கடைசியில் பிடிபட்டான்” என்று சொல்லுங்கள். எவரி பிடிபடவில்லை என்று பிள்ளை எடுத்துக்காட்டினால், அந்தக் கப்பலில் இருந்த யாத்திரிகரின் நிலையை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். வாடகை உடையை மாட்டிக்கொண்டு மேடையேறும் பிள்ளைக்கு இந்த உரையாடல் கிடைப்பதில்லை. தன் கண்முன்னே அப்பாவின் சாரம் கச்சையானதையும், காலையில் தேங்காய் துருவிய சிரட்டை கொக்கியானதையும் கண்ட பிள்ளை, அந்தப் பயங்கர உருவத்தின் உள்ளே இருப்பது என்ன என்பதை அறியும். வளர்ந்தபின் பெரிய தொப்பியையும் மின்னும் வாளையும் கண்டு எளிதில் மயங்காது, அஞ்சவும் அஞ்சாது.

பரிசு கிடைக்கலாம்; கிடைக்காமலும் போகலாம். நடுவர்களாக அமரும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உடையின் பளபளப்புக்குப் புள்ளியிடும்போது, அதில் பிள்ளையின் கை எவ்வளவு பட்டிருக்கிறது என்பதற்கும் சில புள்ளிகளை ஒதுக்குங்கள். “இதை யார் செய்தது?” என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். “நானும் அம்மாவும்” என்று சொல்லும் பிள்ளைகள் அடுத்த ஆண்டு இன்னும் பலர் வருவர்.